திருத்தாத கடிதம்

மழை வந்தால் குடை பிடிக்கிறவர்கள் உண்டு. ஓடிப்போய் ஒதுங்குகிறவர்கள் உண்டு. கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, யாரோ எழுதிவைத்த அறிவிப்புப் பலகையைச் சிவப்பு மார்க்கரால் திருத்துகிற பெண்ணை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா...? சமர்கந்தில் ஒருத்தி இருக்கிறாள். பெயர் முனிசா. பஜாருக்குப் பின்னால் கால்வாயைத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில், மார்ச் மாதத்து ஒரு சாயங்காலம், அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இங்கிலீஷ் சொல்லித்தருகிற டீச்சருக்குத் தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போகத் தெரியாது. அது ஒரு வியாதி.

"ஏங்க... அது அரசாங்கப் பலகை."

பின்னால் ஓர் ஆண் குரல். அவள் திரும்பவில்லை.

"அரசாங்கம்னா தப்பா எழுதலாமா?"

"என்ன தப்பு? இங்க நடக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரங்களுக்கு எழுதியிருக்கு. அவ்வளவுதானே?"

"'இஸ் ஃபர்பிடன்'னு ஆரம்பிக்குது. வாக்கியத்துக்குத் தலையே இல்ல. முன்னாடி ஒரு 'இட்' வரணும்."

"யாரு அந்த இட்?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவருக்கு எதுக்குங்க இடம்?"

இப்போது திரும்பினாள். ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டி. அந்தச் சேற்றுக்கெல்லாம் மேலே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்... இமைகளில் மழைத்துளி நின்றது. முனிசாவுக்குச் சொல்ல வந்தது ஒரு கணம் மறந்தது.

"மினிபஸ்ல ஆள் வர்ற வரைக்கும் சீட்டுல பையை வச்சு இடம் பிடிக்கிறோமில்ல? அந்த மாதிரி. நிஜமான விஷயம் பின்னாடி வருது. அதுவரைக்கும் இது உக்காந்திருக்கும். பை இல்லேன்னா இங்கிலீஷ்காரன் வண்டியை எடுக்கவே மாட்டான்."

"நம்ம ஊர்ல ஆள் வந்தப்புறம்தான் சீட்டு. அதான் அப்படி எழுதிட்டேன்."

"எழுதினது... நீங்களா?"

"நானேதான். ஜவ்லான். கால்வாய் இன்ஜினீயர். பலகையைக் கெடுத்துட்டீங்க, பேரையாவது சொல்லிட்டுப் போங்க..."

அவள் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டாள். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே... அடுத்த திங்கட்கிழமை மாலை வகுப்பில், கடைசி பெஞ்சில், சேறு கழுவிய பூட்ஸோடு அவன் உட்கார்ந்திருந்தான்! ஹாலந்தில் தண்ணீர்ப் படிப்பு இரண்டு வருடம் படிக்க விண்ணப்பம் போட வேண்டுமாம். அதற்கு இங்கிலீஷ் வேண்டுமாம். ஊரில் பத்து வகுப்புகள் இருக்க, அவன் வந்து சேர்ந்தது இவளிடம்.

அவளைவிட இரண்டு வயது பெரியவன். ஊர் வழக்கப்படி அவளும் 'ஜவ்லான் அகா' என்றுதான் கூப்பிட்டாள். இந்த ஊரில் அண்ணனும் அகாதான், கட்டிக்கொண்டவனும் அகாதான். வெட்கப்படுகிற பெண்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வாக்கியத் திருத்தப் பாடத்தில் அவன் மகா மட்டம். அதைவிட மோசம், விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய கடிதம். வகுப்பு முடிந்ததும் எதிரே உட்கார வைத்து அவள் திட்டுவாள்.

"என்ன இது? 'கால்வாய் பழுது என்று கண்டறியப்பட்டது', 'சரிசெய்யலாம் என்று கருதப்பட்டது'... பலகையில ஒண்ணுகூட இல்ல, இங்க வரிக்கு வரி 'இட்', 'இட்', 'இட்'! அதைக் கண்டறிஞ்சது யாரு?"

"நான்தான்."

"முந்நூறு வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி கொண்டுபோனது?"

"அதுவும் நான்தான்... ஆனா நான் நான்னு எழுதினா நல்லாவா இருக்கும்? எங்கம்மா பாத்தா, தலைக்கனம் புடிச்சவன்னு காதைத் திருகுவாங்க."

"ஹாலந்துக்காரங்க உங்க காதைத் திருக மாட்டாங்க. எழுதுங்க. நான் செய்தேன்."

"டீச்சரம்மா சொன்னா சரி."

"டீச்சர் போதும். அம்மா வேண்டாம்."

ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் அந்த 'இட்'டை எழுப்பிவிட்டு, அங்கே அவனை உட்கார வைத்தாள். அப்பா இறந்த வருடம் பதினாறு வயதில் மண்வெட்டி தூக்கியவன்... வறண்டுபோன ஆப்ரிகாட் தோட்டத்தைப் பார்த்து அழுதவன்... எல்லாம் வெளியே வந்தது. திருத்தத் திருத்த அவனை அவளுக்குப் பிடித்துப்போனது. இரண்டு மாதத்தில் கடிதம் முத்து முத்தாக வந்துவிட்டது. படித்துப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இந்தக் கடிதம் போனால் அவன் கட்டாயம் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்று டிராம் நிறுத்தத்தில் தூறல். ஒரே குடையில் நிற்கத் தைரியமில்லாமல், குடையை விரிக்காமலே இருவரும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"டீச்சர்... போகட்டுமா?"

"டிராம் இன்னும் வரலியே."

"ஹாலந்துக்குக் கேட்டேன்."

அவன் கண்களில் விளையாட்டு இல்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். ஆனால் நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே ஊர் ரயில் நிலையத்தில், நிச்சயம் செய்துகொண்ட ஒருவனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு 'போகாதீங்க' என்று அழுதவள் அவள். அவன் கொரியாவுக்கு வேலைக்குப் போனான். எட்டு மாதத்தில் அங்கேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். தெருவே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியது. அந்த வார்த்தையை இனி எந்த ஆணிடமும் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? உங்க படிப்பு, உங்க இஷ்டம்."

"அப்படியா..." என்றான். டிராம் வந்தது, ஏறிப் போய்விட்டான். பாழாய்ப்போன மானம்... அது மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அவன் ஊருக்கு வெளியே மதகு வேலையில் இருந்தான். நண்பகலில் போன் வந்தது.

"இங்க நெட் கிடைக்கல, டீச்சர். எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கு... நீங்களே அனுப்பிடுங்க. கண்ணை மூடிக்கிட்டு உங்களை நம்புறேன்."

திரையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று அவன் முதலில் எழுதிக் கொண்டுவந்தது. மற்றொன்று அவள் திருத்தியது. முனிசா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே செர்ரி மரத்தடியில் பிள்ளைகள் கத்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பழையதை அனுப்பினாள்.

கை தவறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாறிப்போய்விட்டது... நடந்துபோய்விட்டது... யாரும் செய்யாதது போல. அவனுக்கு அத்தனை பாடம் எடுத்தவள், தனக்கென்று வரும்போது தானும் அதே பொய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். தூக்கம்தான் வரவில்லை.

ஜூனில் பதில் வந்தது. எழுத்துத் திறன் போதவில்லையாம். வருந்துகிறார்களாம்.

"உங்களுக்கும் சேர்த்துத்தான் அவமானம், டீச்சர்," என்று போனில் சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. அவள் சொல்லியிருக்கலாம். அப்போதும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஜவ்லானின் தாய் சலோமத்தும் அவருடைய அக்காவும் இறங்கினார்கள். கையில் பூப்போட்ட துணியில் கட்டிய இரண்டு ரொட்டிகள். பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்! காரை ஓட்டிவந்த ஜவ்லான் முறைப்படி உள்ளே வராமல் வெளியிலேயே இருந்தான்.

முனிசாவின் தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரிப்பில் ஆப்ரிகாட், திராட்சை வற்றல், பாதாம் என்று நிரம்பிவிட்டது. இந்தத் தடவையாவது நிலைக்கணுமே என்று அந்த அம்மாள் முணுமுணுத்தது அடுப்படி வரை கேட்டது. முனிசா தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு தேநீர் கொண்டுவந்தாள்.

"வா மகளே, பக்கத்துல உக்காரு," என்றார் சலோமத். "அந்தக் கடுதாசி வந்ததுலேருந்து ரெண்டு நாள் சோறு தண்ணியில்ல என் புள்ளைக்கு. அப்பா போன அன்னிக்குக்கூட அழாதவன், மாட்டுக் கொட்டாயில போய் நின்னு அழுதான். எனக்கு யோக்கியதை இல்லம்மான்னான். பெத்த வயிறு எரிஞ்சுது போ. அப்புறம் அவனே வந்து, உன் பேரைச் சொன்னான். மூஞ்சில அப்பத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்துச்சு."

எனக்கு யோக்கியதை இல்லை... முனிசா தேநீரைக் கீழே வைத்தாள். இரண்டு மாதம் பாடுபட்டு அவன் வாயில் வரவழைத்த அந்த 'நான்' இதைச் சொல்லவா?

"நல்ல நேரத்துல ரொட்டியை உடைச்சிடலாமா?" என்று சலோமத்தின் அக்கா கேட்டாள். இந்த ஊரில் ரொட்டியை உடைத்துப் பங்கிட்டுவிட்டால் பெண் அந்த வீட்டுக்கு என்று ஆகிவிடும். சலோமத் ரொட்டியை இரண்டு கையாலும் எடுத்தார்.

முனிசாவின் கை அதன்மேல் விழுந்தது.

"உடைக்காதீங்க... தயவுசெஞ்சு உடைக்காதீங்க."

"அடியே! உனக்கென்ன பைத்தியமா?" தாயின் குரல் முதுகுக்குப் பின்னால் அலறியது. அவள் அதற்குள் முற்றத்தைத் தாண்டியிருந்தாள்.

மல்பெரி மரத்து நிழலில் காரில் சாய்ந்து நின்றவன் அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான். புதுச் சட்டை. அந்தக் கண்களில் மறுபடியும் அந்த அடங்காத சிரிப்பு.

"என்ன டீச்சர், பொண்ணே வெளிய வந்துட்டா ஊர் என்ன சொல்லும்?"

"நான் பழைய கடிதத்தை அனுப்பினேன்."

"எது?"

"திருத்தினதை அனுப்பல. நீங்க முதல்ல எழுதினதை அனுப்பினேன். தெரிஞ்சேதான் அனுப்பினேன். உங்களுக்கு யோக்கியதை இல்லாம இல்ல, ஜவ்லான் அகா. அந்த நல்ல கடிதம் அவங்க கைக்குப் போகவே இல்ல."

சிரிப்பு மெல்ல மெல்லக் கண்ணைவிட்டுப் போனது. அது போவதை முழுவதும் அவள் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

"ஏன்?"

"நீங்க போயிடுவீங்கன்னு பயம்... எனக்கு உங்களைப் பிடிச்சிருந்துச்சு. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

அவன் காரின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். மல்பெரிப் பழம் ஒன்று பொத்தென்று விழுந்து அவன் தோளில் கறை வைத்தது. துடைக்கவில்லை.

"அன்னிக்கு டிராம் ஸ்டாப்புல கேட்டேனே... எதுக்குக் கேட்டேன்னு நினைச்சீங்க?" "போகாதேன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த விண்ணப்பத்தை நானே குப்பையில போட்டிருப்பேன். சந்தோஷமா போட்டிருப்பேன், முனிசா."

முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதுவும் இப்படியா வந்து வாய்க்க வேண்டும்...

கதவு திறந்தது. சலோமத் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் அதே பூப்போட்ட துணி. முழு ரொட்டிகளை மறுபடியும் கட்டியிருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவன் பின்கதவைத் திறந்து இருவரையும் ஏற்றினான். தான் உட்காருமுன் ஒரு கணம் தயங்கினான்.

"அடுத்த வருஷமும் விண்ணப்பம் வாங்குவாங்க," என்றான். "இந்தத் தடவை நானே அனுப்பிக்கிறேன்."

கார் உறுமியது. முனிசா ஜன்னலோரம் ஓடினாள். நான்கு வருடமாகப் பூட்டிவைத்திருந்த வார்த்தை, தெருவெல்லாம் கேட்க, வெட்கத்தையும் மானத்தையும் மிதித்துக்கொண்டு வெளியே வந்தது.

"போகாதீங்க...!"

அவனுக்குக் கேட்டது. ஸ்டியரிங் மேல் இருந்த விரல்கள் ஒருமுறை இறுகின. பிறகு கார் தெருமுனையில் திரும்பிப் போனது.