பின்னால் போக மறுத்த டிரெய்லர்

மார்னியின் அப்பா டேரில் கோதுமை அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். இரண்டாள் உயரம் இருக்கும் அந்த இயந்திரத்தை ஒற்றைக் கையால் திருப்பிவிடுவார். ஆனால் அவருடைய பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி, "இதைப் பின்னால் தள்ளி வாசலில் விடுங்கள்" என்று சொன்னால் போதும், காது இரண்டும் சிவந்துவிடும்.

இது வில்லோபெண்ட் ஊருக்கே தெரிந்த விஷயம். போன கோடையில் ஏரிக்கரைக்கு ஒரு வாடகை டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனார்கள். அப்பா பின்னால் தள்ள, அம்மா ஜோலின் பின்புறம் நின்று கத்த, டிரெய்லர் நேராகப் போய் ஒரு பைன் மரத்தில் சாய்ந்துகொண்டது. அங்கே முகாமிட்டிருந்த அத்தனை பேரும் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அன்று இரவு வரை அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. மார்னிதான் தபால்காரி.

"உங்கம்மாகிட்ட உப்பு எங்கன்னு கேளு."

"உங்கப்பாகிட்ட அவர் மூக்குக்கு முன்னாடியே இருக்குன்னு சொல்லு."

இப்போது சொந்த டிரெய்லரே வாங்கியாகிவிட்டது! உள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை, ஒரு குட்டிக் கழிவறை எல்லாம் உண்டு. சனிக்கிழமை நகரத்துக் கடைக்குப் போய் இழுத்து வர வேண்டும். மேல் கட்டில் தனக்குத்தான் என்று மார்னி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் போட்டியாக வீட்டில் வேறு பிள்ளைகள் இல்லை. இருந்தாலும் சொல்லி வைத்தாள்.

அப்பா தடபுடலாகத் தயாரானார். பிக்கப்பின் இரண்டு பக்கமும் யானைக் காது போல நீளமான கண்ணாடிகளை மாட்டினார். டிரெய்லரை மாட்டும் இரும்பு உருண்டை சரியான அளவுதானா என்று கடைக்குப் போன் செய்து கேட்டார். சந்தேகம் தீராமல் மறுபடியும் கேட்டார்.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டேரில், இப்பவே சொல்லிடறேன். சனிக்கிழமைக்குள்ள ஒரு தடவையாவது, ஒரு சத்தம் இல்லாம, ஒரு டிரெய்லரை நம்ம வாசல்ல விட்டுக் காட்டு. இல்லேன்னா நீயும் மார்னியும் போயிட்டு வாங்க. நான் அந்த வண்டி பக்கமே வரமாட்டேன். ஏரிக்கும் வரமாட்டேன்."

மார்னி பாதி கடித்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அம்மா இல்லாமல் ஏரிக்கா? குளிர்ந்த தண்ணீரில் முதல் ஆளாகக் கூச்சல் போட்டுக்கொண்டு குதிப்பது யார்? அப்பாவுடன் மட்டும் போனால் நாள் முழுக்க மீன் தூண்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எதிர்வீட்டு கோவல்சுக் விறகு ஏற்றுவதற்காக ஆள் உயரத்துக்குப் பலகை அடைத்த தன் குட்டி டிரெய்லரைப் பழகுவதற்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு தானும் மனைவியுமாக இரண்டு நாற்காலியைப் புல்வெளியில் போட்டு, சூரியகாந்தி விதையைக் கொறிக்கத் தொடங்கினார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அல்லவா!

அவர்கள் வீட்டு வாசல் பாதைக்கு ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மறுபக்கம் லைலாக் செடி வேலி. அப்பா பின்னால் தள்ளினார். டிரெய்லர் வேலியை முகர்ந்து பார்த்தது.

"வீட்டுப் பக்கம்! வீட்டுப் பக்கம் திருப்பு!" என்று டிரெய்லருக்குப் பின்னால் நின்று அம்மா கையை ஆட்டினாள்.

"அந்தப் பக்கந்தான் திருப்பறேன்! அது எதிர்ப்பக்கம் போகுது!"

"நிறுத்து! நான் இங்கதான நிக்கறேன்? கண்ணு தெரியலையா?"

"இந்த வாசலே கோணல், ஜோலின்!"

"ஆமாம், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்!"

கோவல்சுக் கைதட்டினார். "என்னப்பா டேரில், குட்டி வண்டிதான் குறும்பு ஜாஸ்தி பண்ணும்! நாளைக்கும் உண்டா?"

நாளைக்கும் இருந்தது. அதற்கு மறுநாளும். லைலாக் செடிகள் இளைத்துக்கொண்டே வந்தன. வியாழக்கிழமை வீட்டில் தபால் போக்குவரத்து மறுபடி ஆரம்பமாகிவிட்டது. மார்னிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா அவளை, டிரெய்லரோடு நின்ற பிக்கப்பிலிருந்து தன் தொப்பியை எடுத்துவரச் சொன்னார். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி எட்டி எடுத்தாள். அப்படியே கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்துக்கொண்டாள். பின்னால் அம்மா ஒடிந்த லைலாக் கிளைகளைப் பொறுக்கும் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டதே தவிர ஆளைக் காணவில்லை.

மார்னி இந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். சுவர் தெரிந்தது, வேலி தெரிந்தது. அம்மா எங்கே?

இறங்கி ஓடினாள். அம்மா தினமும் நிற்கிற அதே இடத்தில், டிரெய்லருக்கு நேர் பின்னால் குனிந்துகொண்டிருந்தாள். மார்னிக்குத் திக்கென்றது. இத்தனை நாளாக அப்பா அம்மாவைப் பார்க்கவே இல்லை!

அதை அப்படியே சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். "பார்த்தியா, தப்பு என் மேல இல்லை!" என்று அப்பா தொடங்குவார், அம்மா விடமாட்டாள். மார்னி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலின் நடுவில் நின்றாள்.

"நான் இனிமே யாருக்கும் தபால் கொண்டு போகமாட்டேன். வேலையை விட்டாச்சு. ரெண்டு பேரும் எனக்காக ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. இடம் மாறி இருங்க."

"எதுக்கு?" என்றார்கள் இருவரும். நேற்றிலிருந்து அவர்கள் சேர்ந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

"சும்மா. வண்டியைக் கிளப்பவே வேணாம்."

அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். அப்பா டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்று, அம்மாவைப் போலவே கையை ஆட்டினார்.

"ஆட்டுங்கப்பா!" என்றாள் மார்னி.

"ஆட்டிட்டுத்தான இருக்கேன்!"

"எங்க? ஒண்ணும் காணோமே!" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"நான் இங்கதான நிக்கறேன்? கண்ணு தெரி..."

அப்பா பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா மெல்ல ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அம்மாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. அப்பா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார், ஆனால் தோள் இரண்டும் குலுங்கின.

மார்னி சமையலறைக்கு ஓடி, சூடான தட்டைப் பிடிக்கும் சிவப்புக் கையுறையை எடுத்து வந்தாள்.

"அம்மா, நீ இதைப் போட்டுக்கோ. ஓரமா வந்து, கண்ணாடியில அப்பா முகம் தெரியற எடத்துல நில்லு. வாயே திறக்காத. டிரெய்லரோட வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நீட்டு. அப்பா, கையுறை கண்ணுல படலைன்னா உடனே நிறுத்திடுங்க."

"அதெல்லாம் சரி. ஆனா நான் திருப்பற பக்கம் அது போகமாட்டேங்குதே?"

"என் தள்ளுவண்டியும் அப்படித்தான். கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினா, வாலு மறுபக்கம் போகும். நீங்க ஸ்டியரிங்கை மேல பிடிக்காதீங்க. அடியில பிடிச்சுக்கிட்டு, அம்மா காட்டற பக்கமே கையை நகர்த்துங்க."

அப்பா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஏறி, ஸ்டியரிங்கின் அடியில் கையை வைத்தார். சிவப்புக் கையுறை வீட்டுப் பக்கம் நீண்டது. டிரெய்லர் வீட்டுப் பக்கம் வந்தது. கையுறை வேலிப் பக்கம் நீண்டது. டிரெய்லர் சமர்த்தாக வேலிப் பக்கம் நகர்ந்தது. முதல் தடவை கொஞ்சம் கோணல். அடுத்த தடவை பரவாயில்லை. அதற்கடுத்து, ஒரு லைலாக் இலைகூட அசையவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா மூவருக்கும் சாண்ட்விச் கட்டி எடுத்துக்கொண்டு வந்து பிக்கப்பில் ஏறினாள்.

திரும்பி வரும்போது புது டிரெய்லர் பின்னால் பளபளத்தது. அப்பா எவ்வளவு மெதுவாக ஓட்டினார் என்றால், தானிய லாரிகள்கூட அவர்களைத் தாண்டிப் போயின. தெருவில் நுழைந்தால், கோவல்சுக் வீட்டுப் புல்வெளியில் ஏழெட்டு நாற்காலிகள்! ஊரே கூடியிருந்தது.

அம்மா இறங்கிக் கையுறையை மாட்டிக்கொண்டாள். இது விறகு வண்டி இல்லை, ஒரு வீடு. அது அசைந்து அசைந்து வந்தது. கை நீண்டது, மடங்கியது. ஒரு வார்த்தை இல்லை. சுவருக்கும் வேலிக்கும் நடுவில் டிரெய்லர் போய் நின்றது.

"அவ்வளவுதானா?" என்றார் கோவல்சுக் ஏமாற்றத்தோடு. "விதைப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவே இல்லையே!"

மார்னி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"டேரில், வண்டியை மறுபடி வெளிய எடு."

"ஏன்? கோணலா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு. வெளிய எடுத்துட்டு நீ எறங்கு. இந்தா, கையுறையை நீ மாட்டிக்கோ. ஏரிக்குப் போறப்ப பாதி தூரம் நான் ஓட்டணுமில்ல? இப்பவே பழகிக்கறேன்."

கோவல்சுக் அவசர அவசரமாகப் பொட்டலத்தைப் பிரித்தார். மார்னி ஓடிப்போய் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.