பாசி படிந்த கோட்டை

நான்கு நாளைக்கு முன்புதான் தேய்த்து வைத்தாள். அதற்குள் மீன் தொட்டியின் பீங்கான் கோட்டை மட்டும் மறுபடி பச்சையாகியிருந்தது. கண்ணாடியில் பாசி இல்லை, கூழாங்கற்களிலும் இல்லை. கோட்டையைச் சமையலறை சிங்க்கில் வைத்து, பல் தேய்த்துத் தேய்ந்த பழைய பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தாள். ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாடை தொண்டைவரை இறங்கியது. தேய்க்கத் தேய்க்க, கட்டைவிரல் அளவே இருந்த வாசலிலிருந்து பாசி முடியைப் போல நீளநீளமாக வந்துகொண்டே இருந்தது.

சுவருக்கு அப்பால் குளியலறையில் மகள் பாடிக்கொண்டிருந்தாள். போன மாதம் குளியல் தொட்டியில் வழுக்கி அவள் முகம் தண்ணீருக்குள் போனதிலிருந்து இது வீட்டுச் சட்டம். தனியாகக் குளிக்க வேண்டுமானால் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் அம்மா ஓடி வருவாள்.

“யானைக்கு ஜலதோஷம், தும்மினா மழை வரும்...”

நின்றது.

“ஏய் குட்டி, என்ன சத்தத்தையே காணோம்?”

“மூச்சாவது விட விடும்மா! நீ வேற!”

சிரித்துக்கொண்டாள். ஆனாலும் நெஞ்சின் படபடப்பு உடனே அடங்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று கணவன் கேலி செய்வான். பயம் குறைந்தால் பாசமும் குறைந்துவிடும் என்று எண்ணித்தான் இந்தப் பயத்தை ஊட்டி வளர்க்கிறோமோ என்று அவளுக்கே சில சமயம் தோன்றும்.

பாட்டு மீண்டும் தொடங்கியது. இம்முறை தெளிவாக. பக்கத்திலேயே.

குழாயை மூடினாள். சத்தம் சுவர்ப் பக்கமிருந்து வரவில்லை.

கோட்டையைக் காதருகே உயர்த்தினாள். வாசலைக் கட்டைவிரலால் அடைத்தாள்.

பாட்டு அமுங்கியது.

விரலை எடுத்தாள்.

யானைக்கு ஜலதோஷம்.

சட்டென்று காதிலிருந்து விலக்கினாள். கோட்டை நழுவி, தேய்த்து முடித்ததும் ஊறவைக்கக் கலந்து வைத்திருந்த பிளீச்சிங் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது. அவள் ஓடினாள்.

குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. கொக்கியில் உடுப்பு. தொட்டி நிறையத் தண்ணீர். மேலே கலையாத சோப்பு நுரை. கையை விட்டுத் துழாவினாள். அடிவரை. மூலைவரை.

யாருமில்லை.

சமையலறையில் பாட்டு நின்றுவிட்டது. இருமல். மிகச் சின்ன இருமல்.

“அம்மா... கண்ணு எரியுதும்மா.”

அவள் திரும்பி ஓடிவந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். கோட்டை வாசலின் விளிம்பை, அரிசிமணி அளவில், நான்கு விரல்கள் பிடித்திருந்தன.

பிறகு மூன்று.