நேராத்தான் நிக்கன், பெரியம்மா

“நேரா நில்லு புள்ள!”

“நேராத்தான் நிக்கன், பெரியம்மா...”

றம்ஸியாவின் வாய் நிறையக் குண்டூசிகள். அதனால் அதற்குமேல் ஏச முடியவில்லை, கண்ணால் ஏசினாள். வலது காலை எப்போதும்போல நீட்டிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தங்கை மகள் சிபானாவின் புதுப் பள்ளிக்கூடச் சட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தாள். இடப்பக்கக் கரையைக் கொஞ்சம் இறக்கிக் குண்டூசி குத்தினாள். வெள்ளைக் காற்சட்டையின் இடது காலுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் துணி வைத்து அகலமாக்கியிருந்தாள். கல்முனைக் கரையில் அவளைப்போலக் கச்சிதமாகத் தைக்கிறவள் இல்லை என்று கல்யாண வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கச்சிதம் இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று தங்கை ஸுல்பிகா கசப்போடு நினைத்தாள்.

இடியப்பத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். பதின்மூன்று வயது முடிந்துவிட்டது சிபானாவுக்கு. வலது கால் கம்புபோல நேராக இருந்தது. இடது முழங்கால் மட்டும் உள்ளுக்குச் சாய்ந்து மற்ற முழங்காலில் முட்ட, பாதம் தனியாக வெளியே போய் நின்றது. முந்தின நாள் குளிக்க வார்க்கும்போது முழங்கால் இரண்டையும் சேர்த்து நிற்கச் சொல்லிப் பார்த்தாள். கணுக்கால்களுக்கு நடுவில் அவளுடைய உள்ளங்கை முழுதாக நுழைந்தது. போன நோன்புக்கு நுழையாத கை!

“இப்ப பாரு. நடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியா,” என்றாள் றம்ஸியா, குண்டூசியைத் துப்பிவிட்டு.

“சட்டையில தெரியாட்டி சரியா ராத்தா? புள்ள ராவைக்கெல்லாம் நோகுது எண்டு அழுறாளே...”

“அப்ராஸுக்கும் இப்பிடித்தானே இருந்த? நான் உருவி உருவி நிமித்தி எடுக்கல்லயா? இவளுக்கும் நிமிரும். நீ வாய மூடிக்கி இரி!”

ஸுல்பிகா வாயை மூடிக்கொண்டாள். மூடி மூடி அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அப்ராஸ் மூத்தவன். நாலு வயதில் அவனுக்கும் முழங்கால்கள் முட்டின. இரண்டு காலும் ஒரே மாதிரி. றம்ஸியா நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி, மஃரிப் தொழுகை முடிந்த கையோடு அவனைப் பாயில் போட்டு உருவுவாள். ஏழு வயதில் கால் நிமிர்ந்தது. இப்போது பந்தடிப்பில் அவனைப் பிடிக்க ஆளில்லை. அன்றிலிருந்து அந்த எண்ணெய்ப் போத்தலுக்கு இந்த வீட்டில் இருந்த மரியாதை எந்த டொக்டருக்கும் இல்லை. சிபானாவின் கால் சாயத் தொடங்கியதும் அதே போத்தல் அலுமாரியிலிருந்து இறங்கியது. இரண்டு வருஷமாக உருவுகிறாள். படுக்கும்போது துணியால் இறுக்கிக் கட்டுகிறாள். பிள்ளை தலையணையைக் கடித்துக்கொண்டு அழுகிறது. கால் மட்டும் ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது.

கட்டாரிலிருக்கும் கணவன் ஜவுபரிடம் ஸுல்பிகா போனில் அழுது பார்த்தாள்.

“ராத்தா செல்றதக் கேளு ஸுல்பி. நாம இரிக்கிற வீடு ஆருட வீடு? அவ மனம் நோகிற மாதிரி ஒண்டும் செஞ்சிராத...”

அதுதான் ஸுல்பிகாவின் கழுத்தில் கிடந்த கயிறு. அந்தக் கல்வீடு றம்ஸியாவின் சீதன வீடு. வாப்பா சவளக்கடை வயலை விற்றுக் கட்டியது. அந்தப் பக்கத்தில் வீடில்லாமல் ஒரு குமர் கரையேறாது. வீட்டோடு மாப்பிள்ளை வந்தான். ஆனால் றம்ஸியாவின் வலது கால் சிறு வயதிலிருந்தே கோணல் என்பதை மாப்பிள்ளை வீட்டாருக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை நாற்பது நாள்கூட இருக்கவில்லை. “நொண்டிய மூடி வெச்சி ஏமாத்திட்டாங்க” என்று சந்தியில் நின்று சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு றம்ஸியா வேறு கல்யாணப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. தங்கைக்கு வயது வந்ததும் வீட்டை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வளவின் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. அப்படிப்பட்டவளை எப்படி எதிர்த்துப் பேசுவது?

ஆனால் அன்று லுஹர் தொழுகையில் அது நடந்தது. சுஜூதுக்குப் போன சிபானாவால் எழும்ப முடியவில்லை. நெற்றியைப் பாயில் வைத்தபடியே கிடந்து விம்மினாள்.

“உம்மா... எனக்கி எழும்ப ஏலா உம்மா... அல்லாஹ்வுக்காக என்ன டொக்டருக்கிட்டக் காட்டுங்க உம்மா!”

பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸுல்பிகாவும் அழுதாள். அழுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவளாகிப் போனோமே என்று தன்மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் றம்ஸியா சம்மாந்துறைக்குக் கல்யாண உடுப்புக் கொடுக்கப் போன நேரம் பார்த்து, மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி எலும்புக் கிளினிக்குக்குப் போனாள். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தை மூடிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். களவெடுக்க வந்தவள்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டொக்டர் பவிதரன் இளம் வயதுக்காரர். பிள்ளையை நடக்கவிட்டுப் பார்த்தார். நிற்க வைத்து இரண்டு காலையும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“எப்பயிருந்து அம்மா இப்பிடி?”

“ரெண்டு வருஷத்துக்கு மேல டொக்டர்... மூத்தவனுக்கும் இருந்த. எண்ணெய் உருவி நிமிந்த...”

“மூத்தவருக்கு என்ன வயசில?”

“நாலு வயசில. ரெண்டு காலும்.”

டொக்டர் பெருமூச்சு விட்டார். “அது எண்ணெயால நிமிரல்ல அம்மா. அந்த வயசில கனக்கப் பிள்ளைகளுக்கு ரெண்டு முழங்காலும் முட்டும். வளர வளர, ஏழெட்டு வயசுக்குள்ள தானா நிமிர்ந்திரும். ஆனா எட்டு வயசுக்குப் பிறகு கூடிக்கொண்டு போனாலோ, ஒரு கால் மட்டும் சாஞ்சாலோ, நோவு வந்தாலோ, நொண்டினாலோ வீட்டில வச்சிருக்கக் கூடாது. இவக்கு இது எல்லாமே இருக்கு.” கொஞ்சம் தயங்கினார். “தங்கச்சி பெரிய பிள்ளையாகி எவ்வளவு காலம்?”

சிபானா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரெண்டு வருஷமாகப் போகுது டொக்டர்.”

“அப்ப சரிதான். எலும்பு வளர்ற இடம் கிட்டத்தட்ட மூடிட்டுது. கால் சாயத் தொடங்கின நேரமே வந்திருந்தா, முழங்காலுக்குப் பக்கத்தில சின்னத் தகடொண்டு வச்சு, வளர்ற வளர்ச்சியாலேயே நிமித்தியிருக்கலாம். இப்ப எலும்ப வெட்டித்தான் நிமித்த வேண்டி வரும். அது பெரிய ஒப்பரேசன்.”

வளர்ச்சி நடந்துகொண்டிருந்த அந்த இரண்டு வருஷமும்தான் பிள்ளையைக் குமராகிவிட்டாள் என்று சொல்லி, கால் வெளியே தெரியாமல் துணிக்குள் வைத்துப் பொத்திப் பொத்திக் காத்திருக்கிறார்கள்! ஸுல்பிகா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடிக் கால் இருக்கா அம்மா? எனக்குத் தெரிஞ்சாகணும்.”

ஸுல்பிகா எக்ஸ்ரே உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்ல டொக்டர்... ஒருத்தருக்கும் இல்ல.”

சிபானா நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தபோது றம்ஸியா முற்றத்திலேயே நின்றாள். எக்ஸ்ரே உறை கண்ணில் பட்டதும் அவள் முகம் கறுத்தது.

“போயிட்டியா? எனக்கி ஒளிச்சிப் போயிட்டியா? எத்தின பேர் பாத்த அங்க? குமர்ப்புள்ளைய ஆம்புள டொக்டருக்கு முன்னால காலக் காட்ட வெச்சிட்டியே ஸுல்பி! நாளைக்கி இவளுக்கு ஒரு பேச்சு வருமா? கிளினிக் வாங்கில கண்ட ஒருத்தி செல்லிவிட்டாப் போதுமே!”

“ராத்தா, புள்ளக்கி எலும்பு வெட்டணுமாம்...”

“வெட்டவா? அதுக்குத்தான் ஏத்திக்கிப் போனியா? நான் தூக்கி வளத்த புள்ள அவள்! என்ட வயித்துல பொறக்கல்ல எண்டுதானே ஒரு சொல்லுக் கேக்காமப் போன? வீட்டக் குடுத்தன், ஒண்டும் கேக்கல்ல. இந்தப் புள்ளட காரியத்துல ஒரு சொல்லுக் கேக்கக்கூட எனக்கி உரிம இல்லயா?”

வாழ்க்கையில் முதல் முறையாக றம்ஸியா வீட்டைச் சொல்லிக் காட்டினாள். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஸுல்பிகாவுக்கு அழுகைகூட வரவில்லை. எக்ஸ்ரே உறையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அப்போதுதான் சிபானா கதைத்தாள்.

“உம்மாவ ஏசாதீங்க பெரியம்மா. குடும்பத்துல வேற ஆருக்கும் கால் இப்பிடியா எண்டு டொக்டர் கேட்டார். தெரிஞ்சாகணும் எண்டார். உம்மா இல்லெண்டு சென்னா...”

றம்ஸியா பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

“ஏன் ஸுல்பி... ஏன்கா இல்லெண்டு சென்ன?”

“உங்கட கால எப்பிடி ராத்தா நான் இன்னொருத்தருக்கிட்டச் செல்ற?” இப்போதுதான் ஸுல்பிகாவுக்கு அழுகை வந்தது. “சந்தியில நிண்டு அந்தாள் கத்தினது போதாதா? நானும் செல்லணுமா? என்ட புள்ளட கால் இப்பிடியாகியும் எனக்கி அது வாயில வரல்லயே... நான் என்ன செய்ய ராத்தா? அங்க போனா உங்களுக்குத் துரோகம். போகாட்டிப் புள்ளைக்கித் துரோகம். எனக்கித் தெரியல்ல... அல்லாஹ்வே, எனக்கி ஒண்டும் தெரியல்ல!”

றம்ஸியா மாமரத்தில் கையூன்றிக்கொண்டாள். நீட்டிய காலோடு மெல்லச் சரிந்து மணலில் உட்கார்ந்தாள்.

“என்ட வாழ்க்க கெட்டது ஊருக்குத் தெரிஞ்சதால எண்டுதான் இவ்வளவு காலமும் நினச்சன்கா. அதுதான் இவளுக்கும் ஒருத்தருக்கும் தெரியாமப் பொத்தி வெச்சன்...”

“தெரிஞ்சதால இல்ல ராத்தா. உங்களையும் ஒருத்தரும் கொண்டுபோய்க் காட்டல்ல. நம்மட உம்மாவும் கால் தெரியாமப் பெரிய சட்டதான் தெச்சித் தந்தா.”

றம்ஸியா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். “அப்ப நான்தானே இந்தப் புள்ளட கால... என்ட கையாலயே கட்டிக் கட்டி... யா அல்லாஹ்!”

ஸுல்பிகா ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அக்காளும் தங்கையும் மணலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. போன இரண்டு வருஷத்தை அழுது திருப்பிவிடவும் முடியாது.

அடுத்த கிளினிக்குக்கு மூவருமாகப் போனார்கள். றம்ஸியா முகத்தை மூடவில்லை. வாங்கில் இருந்த தெரிந்த பெண்ணொருத்தி, “என்ன றம்ஸியா, ஆருக்கு என்ன?” என்று கேட்க, “புள்ளட காலக் காட்ட வந்தகா,” என்று எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள்.

டொக்டர் போன முறை எடுக்கச் சொன்ன இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். ஒப்பரேசனுக்குத் திகதி வர நாள் எடுக்கும், அது முடிந்தும் மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும், முழுதாக நிமிருமா என்று இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நோவு குறையும், நடை மாறும் என்றார். ஸுல்பிகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வேறு என்ன செய்ய முடியும் அவளால்?

“டொக்டர்,” என்றாள் றம்ஸியா. “அண்டைக்கி ஒரு கேள்வி கேட்டீங்களாம். இவ இல்லெண்டு சென்னா. அது பொய்.”

தாதி சுலக்சனா திரைச்சீலையை இழுத்துவிட்டாள். றம்ஸியா குனிந்து, தானே தைத்த அபாயாவின் கரையைப் பிடித்தாள். ஓடிப்போன அந்த மனிதனுக்குப் பிறகு யாரும் பார்த்திராத அந்தக் காலை முழங்கால் தெரியும்வரை உயர்த்திக் காட்டினாள். ஸுல்பிகாவால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

டொக்டர் கதிரையிலிருந்து எழும்பி வந்து குனிந்து பார்த்தார்.

“கொஞ்சம் நேரா நில்லுங்க அம்மா.”

“நேராத்தான் நிக்கன் மகன்,” என்றாள் றம்ஸியா.

பரிசோதனைக் கட்டிலிலிருந்து சிபானா மெல்ல இறங்கி, நொண்டிக்கொண்டே வந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.