செல்லக்கனியின் பர்மா சட்டை

பூமாலையோடு பவானி காலடிப்பேட்டை வீட்டுக்குள் நுழைந்தபோது செல்லக்கனியம்மாளை இன்னும் சவப்பெட்டியில் வைத்திருக்கவில்லை. வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மகன் பெனிட்டோ அருகே வந்து தணிந்த குரலில் கேட்டான்.

“அக்கா, அம்மாவோட பர்மா சட்டை உங்ககிட்டதான இருக்கு? அதப் போட்டுத்தான் அடக்கம் பண்ணணும்.”

“போன மாசமே குட்த்துட்டேன் பெனிட்டோ. அம்மா கைலதான் குட்த்தேன்.”

நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

பெனிட்டோ பீரோவைக் குடைந்தான். பிறகு மனைவி மகிமாவின் பக்கம் திரும்பினான். “சாவி உன்கிட்டதான இருந்துச்சு? எங்க தூக்கிப் போட்ட?”

“சத்தியமா நான் பாக்கலங்க” என்று மகிமா அழுதாள். பவானி சுவரைப் பார்த்தபடி நின்றாள். கடைசியில் செல்லக்கனியம்மாள் ஒரு வெள்ளைச் சேலையில் கல்லறைக்குப் போனார்.

பழைய காலத்து உடைகளைத் தைத்து, தானே உடுத்திப் படம் எடுத்துப் போடுவதில் பவானிக்குப் பைத்தியம். வெள்ளைக்காரிகளின் கூடைப் பாவாடை, ஜப்பான் கிமோனோ எல்லாம் அவளுடைய ராயபுரம் தையல் கடையில் தொங்கும். செல்லக்கனியம்மாளிடம் அந்தப் பட்டுச் சட்டையைப் பார்த்ததும் அவளால் விட முடியவில்லை. ரங்கூனில் செல்லக்கனியின் தாய் கையாலேயே தைத்தது; விலாப் பக்கம் துணிப் பொத்தான்கள். தாய் அங்கேயே மண்ணாகிவிட, பதினேழு வயதில் அதைப் போட்டுக்கொண்டுதான் செல்லக்கனி அறுபத்து நாலாம் வருஷம் சென்னையில் கப்பலிலிருந்து தனியாக இறங்கினாராம்.

“பத்திரம் பவானி. அதப் போட்டுட்டுப் போனாத்தான் எங்கம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியும்” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நகல் தைக்க அளவெடுக்கிறேன் என்று வாங்கியவள், வெட்டு எப்படி என்று பார்க்கத் தையலைப் பிரித்தாள். அறுபது வருடத்துப் பட்டு. நூலை இழுத்த இடமெல்லாம் கிழிந்தது. கிழவி மூன்று முறை போன் செய்து கேட்டார். மூன்று முறையும் “அடுத்த வாரம்மா” என்றாள்.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் பிற்பகல். வரும் ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் ரயில் ஸ்டேஷனில் அவளைப் போலப் பழங்கால உடைப் பைத்தியங்கள் கூடிப் படம் எடுப்பார்கள்; பர்மா சட்டையில் வருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். மனசு உறுத்தியது. ஆனாலும் கடைக் கதவைச் சாத்திவிட்டு, தான் தைத்த நகலைப் போட்டுப் பார்த்தாள்.

எங்கிருந்தோ மெழுகுவத்தி அணைந்த வாசனை வந்தது. அதன் பின்னாலேயே ஈர மண் வாசனை.

முதல் பொத்தானைத் தேடிக் கை போனது. அது ஏற்கெனவே போட்டிருந்தது.

இரண்டாவதும்.

மூன்றாவதை, அவள் விலா எலும்பை உரசியபடி, குளிர்ந்த விரல்கள் நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தன.

கண்ணாடியில் அவள் மட்டும்தான் நின்றாள்.

“இது எங்கம்மா தைச்சது இல்லியே…”

காதோரத்தில் கேட்ட அந்தக் குரலில் கோபமே இல்லை. பொத்தான்கள் கழல மறுத்தன. பவானி கத்திரியால் சட்டையைக் கிழித்துக் கழற்றி எறிந்தாள். பிரித்த பட்டுத் துண்டுகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு காலடிப்பேட்டைக்கு ஓடினாள்.

“நான்தான் பிரிச்சு நாசம் பண்ணிட்டேன். பொய்யி சொல்ட்டேன், பெனிட்டோ. மகிமா மேல ஒரு தப்பும் இல்ல.”

பெனிட்டோ தலை குனிந்தான். மகிமா துண்டுகளை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்தாள். “எட்டு நாளா இவரு என் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்கலக்கா” என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால் பவானிக்குத் தேவலாம் போலிருந்தது.

சாயங்காலம் மூன்று பேரும் கல்லறையின் தலைமாட்டில் பள்ளம் தோண்டித் துண்டுகளைப் புதைத்தார்கள். “மன்ச்சிடும்மா” என்று பவானி மண்ணிடம் சொன்னாள். அன்று பல நாளுக்குப் பிறகு தூக்கம் வந்தது.

மறுநாள் காலை, நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் முத்தம்மா ரவிக்கைத் துணியோடு கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“உள்ள வாக்கா, அளவு எட்த்துக்கிறேன்.”

“இன்னா அவசரம் எனக்கு? மொதல்ல அவுங்களுக்குப் போட்டு வுடு.”

“யாருக்குக்கா?”

முத்தம்மா அவளுடைய தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

“வெள்ள சேல கட்டிகினு ஒரு பெரியம்மா… சட்ட போட்டுக்க ரெண்டு கையும் நீட்டிகினு நிக்கிறாங்களே, தெர்ல?”