லைன் இருக்கட்டும்

பதினேழாம் போர்ட்டுக்கு எதிரே இருந்த எண் ஒன்று குறைந்திருந்தது.

நேற்று மாலை அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது அது பதினாலாயிரத்து முந்நூறு. அதற்கு முன்பும் நாற்பது நாளாக அதே பதினாலாயிரத்து முந்நூறுதான். இன்று காலை, தோள் பையைக்கூட இறக்கி வைக்காமல் திரையைப் பார்த்தால், பதினாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்று குறைவுதான்.

அந்த எண் ஏறும். யாராவது அழித்தால் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குப் போகும். ஒன்றொன்றாக இறங்குகிற பழக்கம் அதற்குக் கிடையாது. ஏனென்றால் அது, போர்ட் போர்ட்டாகச் சொருகிய கேபிள்களுக்குத் தகவலைப் பிரித்து அனுப்புகிற ஸ்விட்ச் என்ற பெட்டி, கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை. வழியில் இடமில்லை என்று தூக்கி எறியப்பட்ட தகவல் துண்டுகள். குப்பைத் தொட்டியில் போட்டதையாவது கிளறி எடுக்கலாம். இது எங்கேயும் இல்லாமல் போன ஒன்று.

அவள் அந்த நாலு மாடி அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவள். இருபத்திரண்டு வருடமாக ஸ்விட்ச் அறையிலேயே குடியிருக்கிறாள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். கூப்பிடுவதும் 'ஸ்விட்ச் அக்கா' என்றுதான். ஜன்னல் இல்லாத அறை. வெளியே வெயிலா மழையா என்பது உள்ளே வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரியும். ஏசியின் உறுமலும், அலமாரி உயரத்துக்கு அடுக்கிய ஸ்விட்சுகளின் விசிறிச் சத்தமும், சூடான பிளாஸ்டிக்கின் வாசனையும் எப்போதும் இருக்கும். யார் வீடியோ முதலில் போக வேண்டும், யார் ஃபைல் காத்திருக்க வேண்டும், யாருக்கு எவ்வளவுக்கு மேல் கிடையாது என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். வீட்டில் அவளுக்காகக் காத்திருக்கிறவர்கள் என்று யாரும் இல்லை. டிவி இருக்கிறது, அதுவும் அவள் போட்டால்தான் பேசும்.

அவளோடு தானாகப் பேசியது ஒரே ஒருவர்தான். கீழ்த்தளத்தில் பழைய ஃபைல்களைப் பார்த்துக்கொண்ட ரெக்கார்ட் அண்ணன். அவருக்கும் ஜன்னல் கிடையாது, அவருக்கும் ஆள் நடமாட்டம் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வேலைக்காக வேறு ஊரில். மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் இவளுக்குப் போன் போடுவார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு இருவரும் ரிசீவரை வைக்காமல் மேஜை மேல் கிடத்திவிடுவார்கள். சாயங்காலம் வரை லைன் திறந்தே கிடக்கும். அவர் காகிதம் புரட்டுகிற சத்தமும் இருமலும் இங்கே கேட்கும்; இவள் கீபோர்டைத் தட்டுவதும் வாய்க்குள் பாடுவதும் அங்கே கேட்கும். பேச வேண்டும் என்றில்லை. பக்கத்து அறையில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு தெம்பு, அவ்வளவுதான்.

நாற்பது நாளுக்கு முன்னால் அந்த ஒரு நாளும் லைன் திறந்துதான் இருந்தது. மூன்று மணி பத்து நிமிடத்துக்குச் சுவர் இண்டர்காமில் மேனேஜர் கூப்பிட்டார்.

"மேலிடத்து மீட்டிங்க்கா. படம் விட்டு விட்டு வருது. என்ன பண்ணுவீங்களோ தெரியாது, மானத்தக் காப்பாத்துங்க."

கீழ்த்தளத்துக் கேமராக்கள்தான் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. கேமராக்களுக்கு மட்டும் வரம்பு வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் பதினேழாம் போர்ட் முழுவதற்கும் வைத்து, அதைக் கடைசி வரிசைக்கும் தள்ளிவிட்டாள். அதே போர்ட்டில்தான் அண்ணனின் போனும் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. வரம்பு மேலே வருகிற பாதைக்கு மட்டும்தான். கீழே போகிற பாதை சுத்தமாக இருந்தது.

ரிசீவரிலிருந்து சத்தமே இல்லாததை அவள் கவனித்தாள். மூழ்கி வேலை பார்க்கிறார் போல என்று நினைத்து அதைப் பார்த்துச் சொன்னாள்: "வேலையா இருக்கேண்ணே. வெச்சிடாதீங்க, லைன் இருக்கட்டும்."

மாலை ஆறு மணிக்குப் பெருக்க வந்த அம்மாதான் அவரைப் பார்த்தாள். மாரடைப்பு. கையில் ரிசீவர், பிய்ந்து வந்த வயரோடு. வலி வந்த சில நிமிடத்துக்குள் யாராவது பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

மறுநாள் அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். குரலுக்கு மட்டும் ஸ்விட்ச் தனியாக வைத்திருந்த எண்ணிக்கை அது. ஒரு நொடிக் குரல் என்பது ஐம்பது பாக்கெட். பதினாலாயிரத்து முந்நூறு என்றால் நாலு நிமிடம் நாற்பத்தாறு நொடி. அத்தனை நேரம் அவர் பேசியிருக்கிறார். ஒரு சொல்கூட வந்து சேரவில்லை.

விசாரித்தவர்களிடம் அழைப்பு எதுவும் வரவில்லை என்று சொன்னாள். அப்பாவின் குடையையும் கண்ணாடியையும் வாங்கிப் போக வந்த மகளிடமும் அதையேதான் சொன்னாள்.

"கடைசியா உங்ககிட்ட எதாச்சும் பேசினாரா அத்தை? உங்களப் பத்திதான் எப்பவும் சொல்லிட்டிருப்பாரு."

"இல்லம்மா. போனே வரல."

அந்தப் பெண் நம்பினாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வேலை போகும் என்கிற பயம்கூடப் பெரிதில்லை; தன்னை அத்தை என்று கூப்பிடுகிற ஒரே வாய் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டால் என்ன சொல்லும் என்பதுதான் பயம். அழித்துவிடலாம். அழித்தால் அழித்தவர் பெயர் பதிவாகும். அதைவிட, அண்ணன் என்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அவளுக்கு அந்த எண் ஒன்றுதான். அழிக்க மனம் வரவில்லை.

கீழ்த்தளத்தைப் பூட்டிவிட்டார்கள். போனும் கேமராவும் கழற்றியாயிற்று. பதினேழாம் போர்ட்டின் கேபிள் மறுமுனையில் எதிலும் இல்லாமல் தொங்குகிறது. அந்த எண்தான் இன்று ஒன்று குறைந்திருந்தது.

மறுநாள் பார்க்கும்போது இன்னும் நாற்பத்தொன்பது குறைந்து, பதினாலாயிரத்து இருநூற்று ஐம்பது ஆகியிருந்தது. மொத்தம் ஐம்பது, சரியாக ஒரு நொடி. மதியம் மூன்று பத்துக்கு அவள் மேஜைப் போனில் ஒரு விளக்கு மின்னியது. மணி அடிக்கவில்லை. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு காகிதம் புரண்டது. அவ்வளவுதான், லைன் செத்துவிட்டது.

அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். எச்சில் தொட்டுப் புரட்டுகிற சத்தம்.

அடுத்த நாள் ஒரு நொடி. அதற்கடுத்த நாள் ஒரு நொடி. நாற்காலி கிறீச்சிட்டது ஒரு நாள். இருமலின் பாதி ஒரு நாள், மீதி மறுநாள். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் எண்ணையும் சொல்ல வேண்டும். பயந்தாள்தான், ஆனால் மூன்று பத்து எப்போது வரும் என்று காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். வெட்கக்கேடுதான். செத்துப்போனவரின் இருமலுக்காக ஒரு மனுஷி சாப்பிடாமல் காத்திருந்தாள்.

இருபதாம் நாள் பேச்சு வந்தது. "தங்கச்" என்று வந்து நின்றுவிட்டது.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. இந்த வேகத்தில் முழுவதையும் கேட்க இன்னும் எட்டு ஒன்பது மாதம் ஆகும். வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பது யார்? அவள் வைத்த வரம்புதான், இன்னும் எடுக்காமல் அப்படியே கிடக்கிறது.

மறுநாளிலிருந்து மூன்று நாள் விடுமுறை. வாசல் காவலாளி மட்டும் இருந்தார். "லீவுலயும் ஸ்விட்ச்சு கூப்பிடுதாக்கா?" என்று சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். கட்டடத்தில் வேறு ஈ காக்கை இல்லை. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கு முன்னால் ஏறிப் போனது.

அறைக்குள் போனதும் கதவு பின்னால் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. உள்ளிருந்து வெளியே போகவும் கார்டு காட்ட வேண்டிய கதவு அது. மடிக்கணினியைத் திறந்தாள். மணி மூன்று எட்டு. பதினேழாம் போர்ட்டின் வரம்பை எடுத்தாள். எடுத்ததோடு விடவில்லை. அன்று கடைசி வரிசையில் தள்ளிய பாவத்துக்கு இன்று முதல் வரிசை. மீட்டிங்குக்கும் மேலே, எல்லோருக்கும் மேலே. முதல் வரிசையில் ஒருவரை வைத்தால் அவருக்கும் ஒரு உச்சவரம்பு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் முடிக்கும் வரை பின்னால் நிற்கிறவர்களுக்கு வழியே கிடைக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம். அவள் வைக்கவில்லை. அண்ணனுக்கு இனிமேல் வரம்பு எதற்கு என்று நினைத்தாள்.

மூன்று பத்து. விளக்கு மின்னியது. எடுத்தாள்.

"தங்கச்சி."

திரையில் எண் சரசரவென்று இறங்கியது.

"தங்கச்சி, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கும்மா. யாரையாச்சும் கொஞ்சம் கீழ அனுப்பறியா?"

அதற்குப் பதில் வந்தது. தூரத்தில், மேஜை மேல் கிடந்த ஒரு ரிசீவரிலிருந்து, சிறியதாக, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல. அவளுடைய குரல்.

"வேலையா இருக்கேண்ணே. வெச்சிடாதீங்க, லைன் இருக்கட்டும்."

காதிலிருந்து ரிசீவரை அவளால் எடுக்க முடியவில்லை. கீபோர்டைத் தட்டும் சத்தம், அவளுடையது. ஒரு பாட்டின் முணுமுணுப்பு, அவளுடையது. அதற்கு மேலே ஒரு மனிதர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

"கேக்குதா? தங்கச்சி, கேக்குதா?"

"இப்ப எப்படி சார் இருக்கு? கண்ணாடி மாதிரி இருக்கா?" என்று அவள் மேனேஜரிடம் கேட்டுச் சிரிப்பது கேட்டது.

நாற்காலி விழுந்தது. ஃபைல்கள் சரிந்தன. நகம் மேஜையைப் பிராண்டியது. ஆயிரம். அறுநூறு. இருநூறு. அவர் கத்தவில்லை. கடைசியில் மிக மெதுவாக, வருத்தமாக, ஒன்று கேட்டார்.

"ஏன் தங்கச்சி?"

பூஜ்யம்.

அவள் அழுதாள். ரிசீவரைக் கட்டிக்கொண்டு, மன்னிச்சிடுங்கண்ணே என்று எத்தனை முறை சொன்னாளோ. மகளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றாள். முகத்தைத் துடைத்தபோதுதான் லைன் இன்னும் சாகவில்லை என்று தெரிந்தது.

யாரோ விழுந்த நாற்காலியை நிமிர்த்தினார்கள். உட்கார்ந்தார்கள். எச்சில் தொட்டு, ஒரு காகிதத்தைப் புரட்டினார்கள்.

ரிசீவரைக் கீழே போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். கார்டைக் காட்டினாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு. கார்டு ரீடரும் இதே ஸ்விட்ச் வழியாகத்தான் அனுமதி கேட்க வேண்டும். சுவர் இண்டர்காமும் அப்படித்தான். பின்வரிசை. வழி கிடைக்காது. கைபேசிக்கு இந்த அறையில் என்றைக்குமே சிக்னல் கிடையாது.

பதினேழாம் போர்ட்டின் கேபிளைப் பிடுங்கினாள். வெறும் ஓட்டை. ஓட்டையின் மேல் பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்விட்ச் அடுக்கின் மின்சார வயர்கள் இரண்டையும் பிடுங்கினாள். விசிறிகள் நின்றன. அவள் தொடாத ஏசியும் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறை முதல் முறையாக அமைதியானது.

ஸ்விட்சின் விளக்குகள் அணையவில்லை. கார்டு ரீடரின் சிவப்பும்.

அந்த அமைதியில் ரிசீவர் தெளிவாகக் கேட்டது. ஒரு காகிதம். இன்னொரு காகிதம். அவசரமே இல்லாத காகிதம்.

கதவைக் குத்தினாள். கனமான கதவு, சத்தம் உள்ளேயே விழுந்தது. காவலாளி நாலு மாடி கீழே. மூன்று நாள். காற்று ஏற்கெனவே கனத்தது. இடது தோளில் ஏதோ பிடித்தது. பயத்தில்தான். பயத்தில்தான் இருக்க வேண்டும். அது மெல்ல நெஞ்சுக்கு இறங்கியது.

தவழ்ந்து போய் ரிசீவரை எடுத்தாள்.

"அண்ணே. கதவு திறக்கலண்ணே. நெஞ்சு வலிக்குது. யாரையாச்சும் வரச் சொல்லுங்க."

காகிதச் சத்தம் நின்றது. யாரோ ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக் கவனித்துக் கேட்டார்கள். பிறகு அவர் பேசினார், பழைய பிரியத்தோடு.

"என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்? வேலையா? சரி, சரி. வெச்சிடாத. லைன் இருக்கட்டும்."

ரிசீவரை மேஜை மேல் கிடத்துகிற சத்தம்.

மடிக்கணினி பேட்டரியில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. திரையில் பதினேழாம் போர்ட்டுக்கு எதிரே பூஜ்யம். முதலாம் போர்ட், அவள் மேஜைப் போன். இத்தனை வருடமும் அதற்கு எதிரே பூஜ்யம்தான்.

"அண்ணே," என்றாள்.

ஐம்பது.

"அண்ணே, கேக்குதா?"

நூற்றைம்பது. இருநூறு. அவள் கத்தக் கத்த அது ஏறியது. ரிசீவருக்குள், நாலு மாடிக்குக் கீழே, பூட்டிய அறையில், அவர் வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்தபடி எச்சில் தொட்டு அடுத்த காகிதத்தைப் புரட்டினார்.