எவ்வளவு இழுக்கும்

மீட்டரில் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. சுவர் பிளக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அவள் செருகியிருந்த அந்தச் சின்ன மீட்டர், கம்ப்யூட்டர் பெட்டி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று காட்டும். கம்ப்யூட்டரில் எதுவும் ஓடவில்லை. எண் ஏறக்குறைய அசையாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது மெல்ல ஏறியது, மேலே சற்றுத் தயங்கியது, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. பார்த்துக்கொண்டே இருந்ததில் தன் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டதை உணர்ந்து, வேண்டுமென்றே ஒருமுறை இருமினாள்.

மழை பிடித்த சாயங்காலம், ஜன்னலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷின் ஒரே சுதியில் முனகியது. அதற்கு மேல் கரகரவென்று அம்மாவின் மூச்சு. கதவிடுக்கு வழியாக இருமல் மருந்தும் நாள்பட்ட தலையணையும் கலந்த வாடை வந்தது. பழகிப்போன சத்தம், பழகிப்போன வாடை. நின்றால்தான் தெரியும்.

கட்டப்போகும் வீடுகளுக்கு வெயிலும் நிழலும் போட்டுப் படம் செய்து கொடுப்பது அவள் வேலை. காலையில் கொடுக்கவேண்டிய படம் பழைய கார்டில் ஓடாது என்பதால் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியிருந்தாள். பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் பழையது. கார்டின் பாரம் தாங்காமல் அது கோளாறாகி ஃபியூஸ் போனால், அதே லைனில் இருக்கும் அம்மாவின் மெஷினும் நின்றுவிடும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள்.

“டேய், இழுக்குதுடா. விட்டு விட்டு இழுக்குது.”

எதிர்முனையில் ஏதோ கீழே விழுந்தது. “ஐயோ! எப்பலேருந்துக்கா? டாக்டருக்குச் சொன்னியா? இதோ கெளம்பிட்டேன்...”

“அம்மா இல்லடா எருமை. கார்டு. கார்டு கரண்ட் இழுக்குது.”

“அடிப்பாவி! மொட்டையா இழுக்குதுன்னு சொன்னா நான் என்னன்னு நெனைக்கறது? உசுரே போயிடுச்சு.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அவன் பதறிய அந்த நொடியில், பயத்துக்கும் முன்னால், தனக்குள் ஏதோ பாரம் இளகி இறங்கியதை அவள் கவனித்திருந்தாள். அதை நின்று பார்க்கவில்லை. தெருவில் முகம் கொடுக்க விரும்பாத ஒருவரைக் கடப்பதுபோலக் கடந்துவிட்டாள்.

“சப்ளை மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல, பெருசா போட்டிருக்கறத நம்பாத,” என்றான் தம்பி. “பன்னெண்டு வோல்ட்டுல எவ்வளவு குடுக்கும்னு தனியா இருக்கும், அதப் பாரு.”

“பாத்தேன். கணக்குக்குப் போதும். ஆனா மட்டுமட்டாத்தான் இருக்கு.”

“கார்டுக்கு ரெண்டு வயரும் தனித்தனியாத்தானே போட்ட?”

“தனித்தனியாத்தான்.”

“அப்ப டெஸ்ட் ஓட்டு. முழுசா இழுக்கறப்பதான் தாங்குமா தாங்காதான்னு தெரியும். ஏதாவது ஆச்சுன்னா யோசிக்காம பிளக்கப் புடுங்கிடு. நான் லைன்லயே இருக்கேன்.”

போனை ஸ்பீக்கரில் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். டெஸ்டை ஓட்டினாள்.

விசிறிகள் சீறிக்கொண்டு எழுந்தன. பெட்டியின் கண்ணாடிப் பக்கத்துக்குள் புது கார்டின் நீல வெளிச்சம் நடுங்கியது. மீட்டரில் எண் ஏறியது, இன்னும் ஏறியது, இப்போது இறங்கவே இல்லை. புது பிளாஸ்டிக் சூடேறும் வாடை. பக்கத்து அறையில் கரகரப்பு மெலிந்தது. நூலாக மெலிந்தது.

டெஸ்டை நிறுத்தினாள். எண் சரிந்தது. கரகரப்பு திரும்பி வந்தது.

தற்செயல்.

மறுபடி ஓட்டினாள். தற்செயல்தான் என்று தனக்குக் காட்டிக்கொள்ளவா, வேறு எதற்காவதா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. எண் ஏறியது. மூச்சு மெலிந்தது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. அதில் பிளாஸ்டிக் வாடை இல்லை. இருமல் மருந்து வாடை.

“இன்னும் எவ்வளவுடி தாங்கணும்?”

அம்மாவின் குரல். வாரக்கணக்காக ஒற்றை வார்த்தைகூடச் சரியாகப் பேசாத அம்மா. தெளிவாக.

“அக்கா, யாரு அது?”

“அம்மாடா. உள்ளேருந்து.”

“உள்ளேருந்தா? போன் பக்கத்துலதான கேட்டுச்சு?”

அவள் பக்கத்து அறைக்கு ஓடினாள். மெஷின் முனகிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய் சரியாக இருந்தது. போர்வை அசையவில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. நெஞ்சில் கை வைத்தாள். ஒன்றுமில்லை.

ஆனால் மூச்சு கேட்டது.

கரகரவென்று. முதுகுக்குப் பின்னால். அவள் அறையிலிருந்து.

பிடுங்கினால் திரும்பி வந்துவிடும். பிடுங்கினால் அம்மாவிடமே வந்துவிடும். ஓடிவந்து, மீட்டரோடு சேர்த்து பிளக்கைப் பிடுங்கினாள்.

திரை இருண்டது. நீல வெளிச்சம் அணைந்தது.

விசிறி நிற்கவில்லை.

மெல்லச் சுற்றியது. தயங்கியது. மறுபடி சுற்றியது.

பக்கத்து அறையில் மெஷினின் முனகல் மட்டும்.

“அக்கா? என்னாச்சு? இன்னும் இழுக்குதா?”

அவள் வாய் திறந்தாள். எதைக் கேட்கிறான் என்று தெரியவில்லை.

“இழுக்குது,” என்றாள்.

கையில் தொங்கிய மீட்டரில், எதிலும் செருகாத மீட்டரில், எண் ஏறியது. இறங்கியது. பெட்டிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் வாயளவுக்கு வட்டமாய் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.