பாய்த் தழும்பு

கோரைப் பாயில் படுத்து எழுந்தால் முதுகில் வரி வரியாகக் கோடு விழும். ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் மறைந்தும் போகும். ரேகாவின் முதுகில் விழுந்த கோடுகள் மறையவில்லை. அவளுக்கு அது தெரியாது. தன் முதுகைத் தானே பார்த்தவர் உலகத்தில் யார்? தலைக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள்தான் சொன்னாள்.

"பாய் நல்லா அழுத்தியிருக்கு ரேகா. நேத்து விழுந்த கோடு இன்னும் கெடக்குது பாரு."

ரேகா சிரித்தாள். அவள் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் அழுத்திய இடம் அப்படியே குழிந்து நிற்கும் என்று அவளுக்கே தெரியும். ஆறாம் மாதம் முடிந்து ஏழு பிறக்கப் போகிறது. கோடு விழாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டாள்.

தானே புயல் தேவனாம்பட்டினத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டின் ஓட்டைப் பிரித்துக்கொண்டு போனது. கட்டிலும் மெத்தையும் மழையில் ஊறி நாறிப் போயின. அவசரத்துக்குக் கிடைத்தது ஓ.டி. என்கிற கடலூர் பழைய நகரத்தில் இந்த வீடுதான். கனத்த சுவர், உயரத்தில் சின்ன சன்னல்கள், பகலிலேயே பாதி இருட்டு. தெருவில் இன்றைக்கும் அதை அமெரிக்க டாக்டர் வீடு என்றுதான் சொல்கிறார்கள். அவள் புருஷன் ராஜவேல் மின்வாரியத்தில் லைன்மேன். புயலில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்த அவன் ஊர் ஊராய்ப் போய்க்கொண்டிருந்தான். சேத்தியாத்தோப்பு வரை வெளிச்சம் கொடுத்துவிட்டு வந்தவன் வீட்டில் மட்டும் மெழுகுவத்தி.

ரேகாவுக்கு அந்தப் புயலோ இருட்டோ பெரிதில்லை. இதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனது. இது மூன்றாவது. இது மட்டும் தங்கிவிட்டால் போதும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அதனால்தான், படித்தவளாக இருந்தும், அம்மா தில்லையம்மாள் சிதம்பரத்திலிருந்து போனில் சொன்னதைத் தட்டவில்லை.

"வவுத்துப் புள்ளக்காரி இரும்பு இல்லாம படுக்கக் கூடாது. ஒரு கத்தியாவது தலமாட்டுல வெய்யி."

கத்தியைத் தலையணைக்கு அடியில் வைக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சுவரலமாரியின் அடித்தட்டில் யாரோ விட்டுப்போன ஒரு பொருள் கிடந்தது. உள்ளங்கையளவு பித்தளைப் பெட்டி, எட்டுப் பட்டை வைத்தது, அளவுக்கு மீறிய கனம். மேலே இழுக்கிற மாதிரி ஒரு நெம்பு, பக்கத்தில் ஒரு பொத்தான். அடிப்பக்கம் மெல்லிய பிளவுகள் வரிசையாக இருந்தன. பழைய பூட்டோ, கடிகாரத்தின் வயிறோ, ஏதோ ஒன்று. ராஜவேல் தன் ஸ்க்ரூ டிரைவரின் காந்த முனையைப் பிளவுகளுக்கு நேரே காட்டினான். சட்டென்று ஒட்டிக்கொண்டது.

"உள்ள இரும்புதான். வெச்சிக்க. பேய் வந்தா பூட்டு வாங்கிக்கினு போவட்டும்" என்று கேலி செய்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

அன்றிலிருந்து அது அவள் தலைமாட்டில் இருந்தது.

வேலை முடிந்து வந்ததும் அவளுக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வரும். விளக்கு வைக்கிற நேரத்தில் படுக்கக் கூடாது என்பார்கள். வைப்பதற்கு விளக்கு இருந்தால்தானே என்று பாயை விரித்துச் சாய்ந்துவிடுவாள். தெருவில் எங்கோ ஜெனரேட்டர் ஓடும் சத்தம், உப்பங்கழியிலிருந்து ஏறி வரும் சேற்று வாடை, சுவரின் ஈரம், இவற்றுக்கெல்லாம் கீழே அவள் கையிலிருந்தே வருவதாக நினைத்துக்கொண்ட ஸ்பிரிட் வாசம், எல்லாம் ஒன்றாகக் குழைந்து அவளை அமுக்கும். தூக்கம் பாதி விழிப்பு பாதியான அந்த நேரத்தில்தான் முதலில் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ பழைய கடிகாரத்துக்கு நிதானமாகச் சாவி கொடுப்பது போல, கிர்ர்ர்ர். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, டக்.

பல்லி என்று நினைத்தாள். எழுந்தபோது நாக்கு வறண்டிருந்தது, பானைத் தண்ணீரை நின்றபடி குடித்தும் தாகம் அடங்கவில்லை. பாயின் ஓரத்தில் கட்டெறும்பு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது.

மாதப் பரிசோதனைக்குத் தன் ரத்தத்தைத் தானே எடுத்து மெஷினில் வைத்தாள். ரத்த அளவு போன மாதத்தைவிட வெகுவாக இறங்கியிருந்தது. மெஷின்மேல் சந்தேகப்பட்டு மறுபடி வைத்தாள். அதே அளவு. டாக்டரம்மா இரும்புச் சத்து மாத்திரையை இரட்டிப்பாக்கினார். பத்து நாளில் மறுபடி பார்த்தபோது இன்னும் இறங்கியிருந்தது. உள்ளே போவது எங்கேதான் போகிறது என்று டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். முன்பு இரண்டு முறையும் இப்படி யாரோ நெற்றியைச் சுருக்கியதில்தான் ஆரம்பித்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் யாரோ அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார்கள்.

கண்ணைத் திறக்க முடியவில்லை. உலர்ந்த, குளிர்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டில் அமர்ந்திருந்தன. முரட்டுத்தனம் இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள் பிடிப்பது போல, பொறுமையாக, அக்கறையாகப் பிடித்திருந்தன. பாயின் ஓரம் ஓர் ஆள் உட்கார்ந்த கனத்துக்கு அமுங்கியிருந்தது. பிறகு விரல்கள் விலகின. அவளுடைய ரவிக்கையை முதுகில் மெல்ல ஏற்றிவிட்டன. கிர்ர்ர்ர்.

மறுநாள் அந்த வீட்டு அமெரிக்க டாக்டரைப் பற்றி ஆரோக்கியம்மாளிடம் கேட்டாள். அவளுடைய முன்னோர் ஒருவர் அந்த டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை அவளுக்கு மனப்பாடம். ரயில் வராத காலத்தில் எந்தச் சபையோடும் சேராமல் தனியாகக் கப்பலேறி வந்தவராம். கெட்டவர் இல்லையாம். காசு வாங்க மாட்டாராம், திட்டக்குடியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். அவர் ஊரில் அன்றைக்கு வைத்தியம் என்றால் அதுதானாம்: காய்ச்சலோ வலியோ பிள்ளைத்தாய்ச்சியோ, உடம்பில் ரத்தம் மிஞ்சிவிட்டது, இறக்கிவிட்டால் சரியாகும். ஆள் மயங்கி விழும்வரை இறக்குவதுதான் கெட்டிக்கார வைத்தியமாம். தன் சம்சாரம் முழுகாமல் இருந்தபோது அவளுக்கும் இறக்கியிருக்கிறார். தாயும் போனாள், வயிற்றிலேயே பிள்ளையும் போனது.

"அதோட விட்டாரா?" என்றாள் ரேகா.

ஆரோக்கியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்க விட்டாரு? கொறச்சலா எடுத்ததாலதான் போயிட்டாங்கன்னு அழுதாராம். தாய்கிட்ட எடுத்தது போதல, உள்ள இருக்கற புள்ளைக்கும் எடுத்திருக்கணும்னு சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாராம்."

ராஜவேலிடம் சொன்னபோது, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவன் சிரிப்பதை நிறுத்திக்கொண்டான். சோற்றுப் பருக்கை போல வெளுத்திருந்தாள். வளைகாப்பை முன்னுக்குத் தள்ளிச் சிதம்பரத்துக்கு அனுப்பிவிடலாம் என்று அவனே சொன்னான். கிளம்பும்வரை மிச்சமிருந்த நாட்களை அவள் அந்தப் பித்தளைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கழித்தாள். தலைமாட்டில் இருந்தது போதாது என்று முந்தானையில் முடிந்து முதுகுக்குப் பின்னால் அண்டக் கொடுத்துப் படுத்தாள். பயம் கூடக் கூட அதை நெருக்கிக்கொண்டாள்.

சிதம்பரத்துக்குப் பஸ் வெள்ளாற்றுப் பாலம் ஏறியபோது வேப்பிலையும் பித்தளைப் பெட்டியும் அவள் மடியில் இருந்தன. பிள்ளைத்தாய்ச்சி ஆறு தாண்டினால் இரும்பு இல்லாமல் தாண்டக் கூடாது. பாலம் கடந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. அந்த வீடு பின்னால் போயிற்று. அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அம்மா வீட்டில் கரண்ட் இருந்தது, கட்டில் இருந்தது, பஞ்சு மெத்தை இருந்தது. இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் பிள்ளைக்கு நல்லது என்றார்கள். அப்படியே படுத்துப் பெட்டியை வயிற்றுக்கு அணைவாக வைத்துக்கொண்டாள். வளைகாப்பு நடந்தது. கை நிறைய கண்ணாடி வளையல். இரண்டு மாதம் நல்ல தூக்கம். ஆனாலும் வெளுப்பு மாறவில்லை, தாகம் தீரவில்லை. ஒன்பதாம் மாதம் படியேறும்போது மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள்.

நல்ல வெயில் நேரம். வார்டு முழுக்க ஆட்கள். ரேகாவுக்கு ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டிவிட்ட நர்ஸ் முதுகைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வூட்ல பாய்லயா படுக்குறீங்க? தழும்பு இப்படிப் பதிஞ்சிருக்கு."

"ஏது பாய்? வந்த நாள்லேர்ந்து மெத்தைலதான் படுத்துக்கினு இருக்கா" என்றாள் தில்லையம்மாள்.

நர்ஸ் தன் வேலையைத் தொடர்ந்தாள். சர்க்கரை பார்க்க வேண்டும். பேனா போன்ற சின்னக் கருவியை எடுத்தாள். பின்பக்கத்தை இழுத்தாள். கிர்க். ரேகாவின் விரல் நுனியில் வைத்தாள். பொத்தானை அமுக்கினாள்.

டக்.

ரேகா இந்தக் கருவியை ஆயிரம் பேர் விரலில் அமுக்கியவள். ஆயிரம் முறை காதில் விழுந்த சத்தம். இன்றைக்குத்தான் கேட்டது.

வயிற்றின் பக்கத்தில் கையை விட்டாள். ஆஸ்பத்திரிக்கும் விடாமல் கொண்டு வந்த பெட்டி இருந்தது. வெளியே எடுத்தாள். நெம்பை இழுத்தாள். அது துருப்பிடித்திருக்க வேண்டும். துருப்பிடிக்கவில்லை. எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. கிர்ர்ர்ர். பொத்தானைத் தொட்டாள்.

டக்.

பிளவுகளுக்குள்ளிருந்து கத்திகள் பாய்ந்தன. குட்டிக் கத்திகள். வரிசை வரிசையாக. வெள்ளையாக மின்னின. பாயின் கோரைகள் போல, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. நர்ஸ் அவள் முதுகின் உடுப்பை மறுபடி விலக்கினாள். பெட்டியைத் தழும்புக்கு நேராகக் காட்டினாள். அளவு சரியாக இருந்தது.

தில்லையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். இரும்பு வை என்று சொன்னவள் அவள். ராஜவேல் வந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு போய்க் கொள்ளிடத்தின் நடுப்பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்துவிட்டு வந்தான். ரேகா உடுப்பைத் தூக்கித் தன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கச் சொன்னாள், நர்ஸைப் பார்க்கச் சொன்னாள். வயிற்றில் ஒரு கோடு இல்லை, ஒரு கீறல் இல்லை. இத்தனை நாள் அணைத்துப் படுத்தும் வயிற்றுப் பக்கம் அது தீண்டவில்லை. பிள்ளை தப்பித்தது. அந்த ஒன்று போதும் என்று அவள் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றியது உடம்பில் நின்றது. அடுத்த வாரம் வலி எடுத்தது.

ஆண் பிள்ளை. மதியத்தில் பிறந்தான். அழுதான், ஆனால் தூரத்திலிருந்து வருவது போலச் சன்னமாக. டாக்டர்கள் தொட்டிலைச் சுற்றி நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ரொம்ப வெளுத்திருக்கிறான், உடனே ரத்தம் வேண்டும் என்பது மட்டும் ரேகாவின் காதில் விழுந்தது. என் பிள்ளையை ஒரு தடவை காட்டுங்கள் என்று அவள் கெஞ்சினாள்.

நர்ஸ் துணியோடு கொண்டு வந்து அவள் மார்பில் கவிழ்த்துப் போட்டாள். சூடே இல்லை. மெழுகு போலிருந்தான். எங்கிருந்தோ ஸ்பிரிட் வாசம் வந்தது. ஆஸ்பத்திரி, வராமல் என்ன. ரேகா துணியை விலக்கினாள். முதுகைத் தடவினாள். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

கோடுகள்.

வரி வரியாக. மெல்லியதாக. கழுத்திலிருந்து இடுப்பு வரை. இன்னும் எந்தப் பாயிலும் படுக்காத முதுகு.

சில கோடுகள் சிவந்திருந்தன. மற்றவை எப்போதோ ஆறி வெள்ளையாகத் தழும்பேறியிருந்தன.